காப்பதும் கழிப்பதும்

பொருளைச் சேர்ப்பதற்கு ஓர் ஆற்றல் வேண்டும். சேர்த்ததைக் காப்பதற்கு வேறோர் ஆற்றல் வேண்டும். காக்கும்போது எதைக் கழிப்பது என்று அறிவதற்கோ இவ்விரண்டினும் மேலான ஆற்றல் வேண்டும். செல்வத்திற்குப் பொருந்தும் இவ்வுண்மை நினைவுக்கும் பொருந்தும். எல்லாவற்றையும் நினைவில் வைத்திருப்பவன் எதையும் சிந்திக்க இயலாதவனாவான். எல்லாவற்றையும் மறப்பவனோ தன் வேரை இழந்தவனாவான். இவ்விரண்டுக்கும் இடையே ஓர் அளவு உண்டு. அவ்வளவு எது, அதனை வகுக்கும் உரிமை யாருக்கு உண்டு என்பது பழைய அறவினா. அவ்வினா இற்றை நாளில் ஒரு புதிய வடிவில் வீடுதோறும் வந்து நிற்கிறது.

மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர் இல்லங்களில் பழைய நிழற்படங்களை மின்வடிவாக்கும் பணி இன்று பரவலாக நடைபெறுகிறது. பாட்டியின் தகரப் பெட்டியிலிருந்தும், அலமாரியின் மேல்தட்டிலிருந்தும் படங்கள் வெளிவருகின்றன. பேரப்பிள்ளைகள் அவற்றை வருடிப்பொறியில் இட்டுக் கணினியில் பதிகின்றனர். அப்பொழுது பொறி ஒரு கேள்வியைக் கேட்கிறது: எவ்வளவு நுணுக்கமாகப் பதிய வேண்டும்? நுணுக்கம் மிகுந்தால் கோப்பு பெருக்கும். கோப்பைச் சுருக்கினால் தரம் குறையும். இது பொறியியல் வினாவாகத் தோன்றினும் உள்ளே இருப்பது அறவினாவே ஆகும். இறந்தோரின் உருவத்திலிருந்து எவ்வளவைக் கழிக்கலாம்? பிறக்கவிருப்போருக்கு எவ்வளவை விட்டுச் செல்ல வேண்டும்? இதுவே அதன் உட்பொருள்.

பெட்டியில் உறங்கும் வரலாறு

தோட்டப்புறத்தில் வாழ்ந்த குடும்பங்களுக்கு நிழற்படம் அரிய பொருளாக இருந்தது. திருமணம், குழந்தைப்பேறு, பயணம் எனச் சில வேளைகளில் மட்டுமே நகரத்து நிழற்படக் கடைக்குச் சென்றனர். சென்னைக்கும் பினாங்கு, சிங்கப்பூர்த் துறைமுகங்களுக்கும் இடையே பல்லாண்டுகள் ஓடிய ‘இரஜூலா’ கப்பலில் மனிதர்களோடு அவர்தம் படங்களும் பயணம் செய்தன. ஊரில் இருந்த தாய்க்கு மகனின் முகத்தைக் காட்டியது அப்படமே. 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாம்–பர்மா இரயில்பாதை அமைக்கக் கொண்டு செல்லப்பட்டுத் திரும்பாமற்போன தமிழ்த் தொழிலாளர் பலர்க்குக் கல்லறையும் இல்லை. ஒரு படமேனும் எஞ்சியிருக்குமாயின் அதுவே அவர்க்கு நடுகல்.

1948ஆம் ஆண்டில் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டபின் நிழற்படமும் கைரேகையும் கொண்ட அடையாள அட்டை கட்டாயமாக்கப்பட்டது. பால்மரம் சீவிய பெண்கள் பலர் வாழ்வில் முதன்முறையாக ஒளிப்படக் கருவியின் முன் நின்றது அந்த அட்டைக்காகத்தான். அவர்களுட் சிலருக்கு அதுவே இறுதிப்படமும் ஆயிற்று. அரசின் தேவைக்காக எடுக்கப்பட்ட ஒரு சிறு படம், ஒரு குலத்தின் மூதாட்டிக்கு உள்ள ஒரே சான்றாக நிற்பதும் உண்டு.

இத்தகைய படங்களை இந்நாட்டின் வெப்பமும் ஈரமும் விட்டுவைப்பதில்லை. பூஞ்சை படர்கிறது. கண்ணாடிச் சட்டத்தில் படம் ஒட்டிக்கொள்கிறது. பசைத்தாள் தொகுப்பேடுகளில் பசையே பழுத்து மஞ்சளாகிறது. 1970களில் அச்சிட்ட வண்ணப்படங்கள் பல, நீலப்பச்சைச் சாயம் மங்கியமையால் செந்நிறம் ஏறிக் கிடக்கின்றன. கருப்பு வெள்ளைப் படங்களில் வெள்ளித்துகள் மேலெழுந்து கண்ணாடிபோல் மினுங்குகிறது. ஆகவே படியெடுத்தல் விருப்பத்தைப் பொறுத்தது அன்று. காலம் விதித்த கடமை.

அளவின் கணக்கு

கடமையைச் செய்வோர் கணக்கையும் அறிதல் வேண்டும். நான்கு அங்குல அகலமும் ஆறு அங்குல உயரமும் உள்ள ஒரு படத்தை அங்குலத்திற்கு 300 புள்ளி வீதம் வருடினால் 1200 பெருக்கல் 1800, அதாவது 21 இலட்சத்து 60 ஆயிரம் புள்ளிகள் கிடைக்கும். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று பைட்டுகள் வேண்டும். ஆகக் கோப்பு ஏறத்தாழ ஆறரை மெகாபைட் ஆகும். அதே படத்தை 600 புள்ளி வீதம் வருடினால் அளவு இருமடங்காகாது. நான்கு மடங்காகி ஏறத்தாழ 26 மெகாபைட்டை எட்டும். நீளமும் அகலமும் சேர்ந்து வளர்வதே காரணம்.

இவ்வளவையும் அப்படியே வைத்திருக்கும் கோப்பு வகைகள் உண்டு; ‘டிஃப்’ என்பது அவற்றுள் ஒன்று. கோப்பைச் சுருக்கும் வகைகளும் உண்டு. 1992ஆம் ஆண்டில் தரமாக ஏற்கப்பட்ட ‘ஜேபெக்’ அவற்றுள் புகழ்பெற்றது. அதன் செயல்முறை சிந்தனைக்குரியது. அது படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் பெரிய மாற்றங்கள் எவை, நுண்ணிய மாற்றங்கள் எவை எனக் கணித்து, நுண்ணியவற்றைத் தோராயமாக்குகிறது, பலவற்றைச் சுழியமாக்கிவிடுகிறது. மனிதக் கண் ஒளி வேறுபாட்டை உணரும் அளவுக்கு நிற வேறுபாட்டை உணர்வதில்லை. ஆகவே நிறச் செய்தியைப் பெரும்பாலும் மேலும் குறைக்கிறது. கண் தேடாததைக் கழித்து, கண் தேடுவதை வைத்துக்கொள்வதே அதன் கொள்கை. அளவோடு சுருக்கினால் கோப்பு பத்தில் ஒரு பங்காகக் குறைந்தும் பார்ப்பவர் வேறுபாடு காண்பதரிது. ஆனால் கழித்தது கழித்ததுதான், மீளாது. ஒவ்வொரு முறை திருத்திச் சேமிக்கும்போதும் இழப்பு மேலும் சேர்ந்துகொண்டே போகும்.

யாருடைய கண்?

கண் தேடாததைக் கழிக்கலாம் என்னும் கொள்கை நியாயமானதாகவே தோன்றுகிறது. ஆயினும் ஈண்டு ஒரு வினா எழுகிறது. யாருடைய கண்? இன்று படத்தைக் காணும் மகன் தன் தாயின் முகத்தைத் தேடுகிறான். முகம் தெளிவாக இருந்தால் அவனுக்குப் போதும். நாளை காணும் பேத்தி வேறொன்றைத் தேடலாம். பின்னணியில் நிற்கும் லயத்து வீட்டின் கூரை எதனால் ஆனது? பக்கத்தில் இருப்பவர் கையில் உள்ளது பால்வெட்டுக் கத்தியா, மண்வெட்டியா? சுவரில் தொங்கும் நாள்காட்டி எந்த ஆண்டைக் காட்டுகிறது? பள்ளிப் பலகையில் எழுதியுள்ள பெயர் என்ன? இன்றைய கண் பொருட்படுத்தாத மூலையே நாளைய ஆய்வாளருக்கு நடுப்பகுதி ஆகலாம்.

ஆகச் சுருக்குதல் என்பது ஒரு தீர்ப்பு. இன்னும் பிறவாத ஒருவர் சார்பில், அவரைக் கேளாமலே வழங்கும் தீர்ப்பு. மீள முடியாத தீர்ப்பை வழங்குவோர்க்கு அடக்கம் வேண்டும் என்பது நீதிமன்றத்திற்கு மட்டும் உரிய அறமன்று.

சுருக்கம் செய்தியைக் குறைப்பதோடு நில்லாமல் பொய்யும் கூறக்கூடும் என்பதற்கு ஒரு சான்று உண்டு. 2013ஆம் ஆண்டில் ஜெர்மனியைச் சேர்ந்த கணினி அறிஞர் டேவிட் கிரீசல் ஒரு குறையைக் கண்டறிந்து வெளியிட்டார். புகழ்பெற்ற நிறுவனம் ஒன்றின் படியெடுக்கும் பொறிகள், கட்டட வரைபடங்களில் இருந்த எண்களையே மாற்றிக் காட்டின. ஒன்றுபோல் தோன்றும் சிறு உருவங்களை ஒன்றாகவே கருதிச் சுருக்கியமையால் ஆறு எட்டாயிற்று. மங்கலாகத் தோன்றியிருந்தால் பார்ப்பவர் ஐயுற்றிருப்பார். தெளிவாகவே தோன்றியமையால் எவரும் ஐயுறவில்லை. மங்கலான உண்மையைவிடத் தெளிவான பொய் தீங்கு மிக்கது என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

சிக்கனத்தின் வழக்கு

எனினும் மறுபக்கத்தையும் கேட்டல் முறை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது முன்னோர் மொழி. சிக்கனம் ஒரு கஞ்சத்தனம் அன்று. அஃது ஓர் அறம். இருக்கும் இடத்தை அறிந்து வாழ்ந்த மக்கள் வழிவழி வளர்த்த அறம். 1987இல் வந்த மூன்றரை அங்குல நெகிழ்தட்டு 1.44 மெகாபைட் கொள்ளும். மேலே சொன்ன 26 மெகாபைட் படம் ஒன்றை வைக்கப் பதினெட்டுத் தட்டுகள் வேண்டியிருந்திருக்கும். அக்காலத்தில் சுருக்கியவரை எவரும் குறைகூற இயலாது. கைக்கு எட்டியதைக் கொண்டு காத்தவர் அவர்.

மேலும், எல்லாவற்றையும் பெரிதாகவே வைத்துக்கொள்வேன் என்பதும் ஒருவகைச் சோம்பலே. ஒரே விழாவில் எடுத்த நாற்பது படங்களையும் முழு அளவில் குவித்து வைப்பவர் தேர்ந்தெடுக்கும் பொறுப்பைத் தம் பிள்ளைகளின் தலையில் ஏற்றுகிறார். பல்லாயிரம் கோப்புகளுக்கு இடையே தாத்தாவின் ஒரே படம் புதைந்து கிடந்தால் அது காக்கப்பட்டது ஆகுமா? இல்லாமையால் இழப்பதும் மிகுதியால் இழப்பதும் விளைவில் ஒன்றே. அன்றியும், 600 புள்ளிக்கு மேல் வருடினால் சாதாரண அச்சுப்படத்திலிருந்து புதுச்செய்தி பெரும்பாலும் கிடைப்பதில்லை. தாளின் இழையும் தூசியும் பெரிதாகுமே அன்றி முகம் தெளிவாகாது. கிணற்றில் இல்லாத நீர் பெரிய வாளியால் வந்துவிடாது.

இடத்துக்கு விலையும் உண்டு. பிறர் தரும் இலவச இடத்தை நம்பியோர் பட்ட பாடு அண்மைக்காலத்தது. 2015இல் தொடங்கிய கூகுள் படச்சேவை, சுருக்கிய படங்களை வரம்பின்றி இலவசமாக ஏற்றது. 2021 சூன் 1 முதல் புதிதாக ஏற்றப்படும் படங்கள் சேமிப்பு வரம்புக்குள் கணக்கிடப்படலாயின. முழு அளவை வேண்டாவென்று விட்டுக்கொடுத்து இலவசத்தைப் பெற்றவர்கள், பின்னர் இலவசத்தையும் இழந்தனர். விட்டுக்கொடுத்த அளவோ திரும்பவில்லை.

இவ்வழக்கின் இருபுறத்தையும் எடைபோட்டால் ஒரு தெளிவு பிறக்கும். சிக்கனம் அறமே, ஆனால் அது காலத்தை அறிந்து இயங்கும் அறம். குடும்பமொன்றின் அரிய படங்கள் இருநூறு என்று கொண்டால், ஒவ்வொன்றும் 26 மெகாபைட்டாயினும் மொத்தம் ஐந்து கிகாபைட்டுக்குச் சற்றே மிகும். விரலளவுள்ள சேமிப்பி ஒன்றில் அஃது அடங்கும். இல்லாத வறுமையை இருப்பதாக எண்ணிக்கொண்டு தாயின் முகத்தைச் சுருக்குவது சிக்கனம் ஆகாது; பழக்கத்திற்கு அடிமையாதலே ஆகும். எதிர்காலத்திற்குரிய மூலப்படி ஒன்றும், இன்றைய பயனுக்குரிய சிறுபடி ஒன்றும் என இரண்டாகப் பிரித்துக்கொண்டால் முரண்பாட்டில் பெரும்பகுதி தீரும். வாட்ஸ்அப்பில் உறவினர்க்கு அனுப்பச் சிறுபடி போதும். மூலப்படியோ விதைநெல் போன்றது. அதைக் குத்திச் சமைத்தல் ஆகாது.

சிறியதற்கே பெருங்கவனம்

இன்னொரு நுட்பமும் இக்கணக்கில் மறைந்துள்ளது. எல்லாப் படங்களையும் ஒரே அளவில் வருடுவதே நடுவுநிலைமை என்று சிலர் எண்ணுவர். அஃது அவ்வாறன்று. அடையாள அட்டைக்கு எடுத்த படம் ஓர் அங்குல அகலமும் ஒன்றேகால் அங்குல உயரமும் கொண்டது என்று வைத்துக்கொள்வோர், அதனை 300 புள்ளி வீதம் வருடினால் ஓர் இலட்சத்துப் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு புள்ளிகளே பெறுவர். பெரிதாக்கிச் சுவரில் மாட்ட நினைத்தால் முகம் கட்டம் கட்டமாகச் சிதறும். அதையே 1200 புள்ளி வீதம் வருடினால் 18 இலட்சம் புள்ளிகள் கிடைக்கும். கோப்போ ஐந்தரை மெகாபைட்டைத் தாண்டாது. திருமணப் பெரும்படத்திற்கு 600 போதும். அந்தச் சிறுபடத்திற்கு 1200 வேண்டும்.

படம் சிறிதாக ஆகக் கவனம் பெரிதாக வேண்டும் என்னும் இவ்விதி வகுப்பறைக்கும் பொருந்துவதை ஆசிரியர் எவரும் உணர்வர். எல்லா மாணவர்க்கும் ஒரே அளவு நேரம் தருவது சமன்மை. தேவை மிகுந்தவர்க்கு மிகுதியான நேரம் தருவது நீதி. செல்வர் இல்லத்துப் பெரும்படங்கள் பல படிகளாக எங்கெங்கோ இருக்கும். கூலிப்பெண்ணின் ஒரே படம் ஒரே இடத்தில்தான் இருக்கும். அதனை இழந்தால் அவள் முகம் உலகிலிருந்தே மறையும். வரலாறு யாரை ஒருமுறை மட்டுமே பார்த்ததோ, அவர்க்கே பிற்காலத்தார் கூடுதல் கண் தர வேண்டியவராகின்றனர்.

வெற்றிடத்தின் நேர்மை

தரம் என்னும் சொல்லுக்கு அழகு என்று பொருள்கொள்வோரும் உளர். இன்றைய செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் மங்கிய முகத்தைத் தெளிவாக்குகின்றன. கிழிந்த பகுதியை நிரப்புகின்றன. கருப்பு வெள்ளைக்கு நிறமூட்டுகின்றன. அவை மறைந்ததை மீட்பதில்லை. இருந்திருக்கக்கூடியதை ஊகித்து வரைகின்றன. ஊகித்து வரைந்த கண்கள் எவருடையவை? பாட்டியின் கண்கள் அல்ல. ஆயிரமாயிரம் அந்நியர் முகங்களிலிருந்து பெற்ற சராசரிக் கண்கள் அவை.

இவ்விடத்தில் உ. வே. சாமிநாதையர் விட்டுச்சென்ற முன்மாதிரி நினையத்தக்கது. 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் ஏட்டுச்சுவடிகளிலிருந்து பதிப்பித்த அப்பெரியார், செல்லரித்துச் சிதைந்த இடங்களைத் தம் புலமையால் நிரப்ப முற்படவில்லை. புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை; அவ்வெண்கள் இன்றும் வெறுமையாகவே நிற்கின்றன. எழுதி நிரப்ப அவருக்குப் புலமை இல்லாமலா போயிற்று? இருந்தது. அதனினும் மேலான நேர்மையும் இருந்தது. வெற்றிடத்தை வெற்றிடமாகவே காட்டுவதும் காத்தலின் ஒரு பகுதி என அவர் அறிந்திருந்தார். பழைய படத்தின் கறையும் கிழிசலும் அப்படம் கடந்துவந்த வாழ்வின் தழும்புகள். அலங்கரித்த படி ஒன்றை வேண்டுவோர் தனியே செய்துகொள்ளலாம். மூலப்படியில் கைவைத்தல் தகாது. அலங்கரித்ததை அலங்கரித்தது என்று குறிக்காமல் விடுதலும் தகாது.

பெயரின் எடை

அளவையும் தரத்தையும் பற்றி வாதிடுவோர் மறந்துவிடும் மூன்றாவது ஒன்றுண்டு. அதுதான் பெயர். படத்தில் இருப்பவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு, எடுத்த வேளை எது என்பன எழுதப்படாவிட்டால், எத்துணை நுணுக்கமான படமும் அந்நியர் படமாகிவிடும். இரண்டு தலைமுறை கழிந்தபின், தெளிவான முகத்தோடு பெயரின்றி நிற்கும் மூதாதையர் எத்தனை பேர்! படங்களின் பின்புறத்தில் மையால் எழுதிய ஓரிரு வரிகளைக்கூடப் பலர் வருடுவதில்லை. முன்புறத்தை மட்டும் பதிந்து நிறைவடைகின்றனர்.

இதற்கு ஆகும் இடமோ மிகச் சிறிது. கணினியில் தமிழ்க் குறியீடு ஒன்றுக்குப் பொதுவாக மூன்று பைட்டுகள் ஆகும். இருநூறு குறியீடுகளில் ஒரு படத்தின் முழுச்செய்தியையும் எழுதிவிடலாம், அறுநூறு பைட்டுகள். அஃது அந்த 26 மெகாபைட் படத்தின் நாற்பதாயிரத்தில் ஒரு பங்கினும் குறைவு. மிகச் சிறிய இடத்தைக் கேட்பது எதுவோ, அதுவே மிகப் பெரிய பொருளைத் தருகிறது. பொறி இதனைத் தானே செய்யாது. ஒரு முதியவர் அருகில் அமர்ந்து, படத்தைக் காட்டி, பொறுமையோடு கேட்டு எழுத வேண்டும். வன்தட்டில் இடம் எப்போதும் வாங்கலாம். அம்முதியவரின் காலத்தை வாங்க இயலாது. உண்மையில் குறைந்துகொண்டே வருவது கணினியின் இடமன்று. சொல்லத் தெரிந்தவர்களின் நாட்கள்.

தமிழ்ப்பள்ளிகளில் ஆசிரியர்கள் இப்பணியை மொழிப்பாடத்தோடு இணைக்கலாம். ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டிலுள்ள மிகப் பழைய ஒரு படத்தைத் தேர்ந்து, பெற்றோர் துணையோடு அதனை உரிய நுணுக்கத்தில் பதிந்து, தாத்தா பாட்டியிடம் கேட்டறிந்த செய்தியைப் பத்து வரிகளில் எழுதி, மூலப்படியை இரண்டு வேறு இடங்களில் வைக்கட்டும். அதில் வாக்கிய அமைப்பும் வளரும். கேட்கும் பண்பும் வளரும். தேர்ந்தெடுக்கும் அறிவும் வளரும். படத்தைப் பிறரோடு பகிர்வதற்கு முன் வீட்டாரின் இசைவைப் பெறுதலும் அப்பாடத்தின் ஒரு பகுதியாகட்டும்.

காத்தல் என்பது எல்லாவற்றையும் பற்றிக்கொள்ளுதல் அன்று. கழித்தல் என்பது எளிதாக்கிக்கொள்ளுதலும் அன்று. மீளப்பெற இயலாததைக் கழிக்கும்போது தயங்குதல், மிகுதியாக உள்ளதைத் தேர்ந்து குறைத்தல், இல்லாததை இருப்பதாகக் காட்டாதிருத்தல், அறிந்ததை எழுதி வைத்தல் ஆகிய நான்கும் ஒருங்கே அமைந்ததே நல்ல காவல். கூலிக்கு வந்து, காடு திருத்தி, ஒரு சிறு படத்தில் மட்டும் முகம்காட்டிச் சென்ற மூதாட்டி தன் பேரர்களிடம் பெரிதாக எதையும் கேட்கவில்லை. ஐந்தரை மெகாபைட் இடமும் ஒரு வரிப் பெயருமே அவளுக்குரிய பங்கு. அதனை அளந்து கொடுப்பதில் கைகுறைதல் தமிழர்க்கு அழகன்று.